மொறிஸ் மைனர்: டாங்கி காலி, முள்ளு மட்டும் எஃப் இல நிக்குது

#1 சுன்னாகம்_மைனர்

எல்லாருக்கும் வணக்கம். இஞ்ச கனநாளா வாசிக்கிறனான், எழுதுறது இதுதான் முதல்தரம்.

கார் 1959 மொறிஸ் மைனர் 1000, நாலு கதவு, ஸ்ரீ நம்பர். அப்பாவின்ர. அவருக்கு இப்ப கண் வடிவாத் தெரியாது, போன வருசம் திறப்பை என்னட்டத் தந்திட்டார்.

போன ஞாயிறு கிளிநொச்சியில ஒரு கலியாணத்துக்குப் போயிட்டுத் திரும்பி வரேக்க ஆனையிறவில கார் நிண்டிட்டுது. பெற்றோல் முள்ளு எஃப் இல, அதாவது டாங்கி நிறைய எண்டு. நான் முதல் பிளக், பேந்து பொயின்ற், பேந்து கொயில் எண்டு ஒவ்வொண்டாக் கழட்டிப் பாத்து அரை மணித்தியாலம் வெயிலுக்க நிண்டன். நிழலுக்கு ஒரு மரம் இல்லை. பம்ப் டிக்டிக்டிக் எண்டு நல்லா அடிச்சுக்கொண்டு இருந்தது, அதால பெற்றோல் வருது எண்டு நினைச்சன். கடைசியா மனிசிதான் கேட்டவ, "எண்ணெய் கிடக்கோ?" எண்டு. மூடியைத் திறந்து காரை ஆட்டிப் பாத்தா ஒரு சத்தமும் இல்லை.

சுவிட்ச் போட்ட உடனே முள்ளு சட்டெண்டு எஃப்புக்குப் பாயுது, அதைத் தாண்டியும் கொஞ்சம் போகுது. எவ்வளவு ஓடினாலும் இறங்காது. கராச்சில காட்டினன், "மீற்றரை முழுசா மாத்தவேணும்" எண்டினம். மைனரில பெற்றோல் முள்ளு ஸ்பீடோமீற்றருக்குள்ளேயே இருக்கிறது உங்களுக்குத் தெரியும். அதை மாத்த எனக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?

#2 அம்பாசிடர்_மாமா

தம்பி, உங்க வண்டியிலயாவது முள் ஒரு இடத்துல நிக்குது. என் அம்பாசிடர்ல முள் வளைவுக்கு வளைவு நடனம் ஆடும். மதுரையிலிருந்து திண்டுக்கல் போறதுக்குள்ள அரை டேங்க், கால் டேங்க், முக்கால் டேங்க் எல்லாம் காட்டிடும். 54 லிட்டர் டேங்க், 30 லிட்டர் போட்டா கிலோமீட்டரை எழுதி வெச்சுக்கறது, 250 ஓடினா அடுத்த பங்க். முப்பது வருஷமா இதுதான் என் கேஜ். மீட்டரை நம்பினவன் நடுரோட்டில்.

#3 ஹெரால்ட்_பெரம்பூர்

மாமா சொல்றதைக் கேட்டா யாரும் எதையும் ரிப்பேர் பண்ண மாட்டாங்க :)

சுன்னாகம் நண்பரே, இது வோல்டேஜ் ஸ்டெபிலைசர் பிரச்சினை. என் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுல (நம்ம மெட்ராஸ் தயாரிப்பு) இதே கதைதான். மீட்டருக்குப் பின்னால தீப்பெட்டியில பாதி அளவுக்கு ஒரு தகரப் பெட்டி இருக்கும். உள்ள இரட்டை உலோகப் பட்டை ஒண்ணு சூடாகி விலகி, ஆறி ஒட்டி, 12 வோல்ட்டை விட்டு விட்டு அனுப்பி சராசரியா 10 ஆக்கும். அந்தப் பெட்டிக்கு எர்த் (வண்டி பாடியோட இருக்கற இணைப்பு) போச்சுன்னா பட்டை சூடாகாது, முழு 12 வோல்ட்டும் கேஜுக்குப் போயிடும், முள் மேல ஏறி நிக்கும். டெம்பரேச்சர் கேஜும் இருந்தா ரெண்டும் சேர்ந்து ஏறும். அந்த ஸ்க்ரூவை இறுக்குங்க. பெட்டியே போயிருந்தா எலக்ட்ரானிக் கடையில 7810 ரெகுலேட்டர் வாங்கி உள்ளே வெச்சுடலாம், பத்து நிமிஷ வேலை.

#4 லண்டன்_ட்ராவலர்

தம்பி, நானும் மைனர்காரன்தான், பின்னுக்கு மரச்சட்டம் வைச்ச ட்ராவலர். ஊர் கோண்டாவில்.

ரெண்டு விசயம். ஒண்டு, பம்ப் "நல்லா" அடிச்சது எண்டு எழுதியிருக்கிறீங்கள். மைனரின்ர எஸ்யூ பெற்றோல் பம்ப் டாங்கியில எண்ணெய் இருக்கேக்க சுவிட்ச் போட்டவுடன கொஞ்சம் அடிச்சிட்டு அடங்கிவிடும், ஓடேக்க ஆறுதலா ஒண்டு ரெண்டு அடிக்கும். நிப்பாட்டாமல் கடகடவெண்டு அடிச்சா அது காத்தை உறிஞ்சுது. அண்டைக்குக் காரில வேலை செய்த ஒரே பெற்றோல் மீற்றர் அந்தப் பம்ப்தான், நீங்கள்தான் கேக்கேல்லை.

ரெண்டாவது, பெரம்பூர்த் தம்பி சொன்ன 7810 ஐக் கண்ணை மூடிக்கொண்டு மைனரில வைக்காதேங்கோ. எங்கட காருகளில பற்றறியின்ர பொசிட்டிவ் பக்கம்தான் பொடியோட எர்த். 7810 நெகட்டிவ் எர்த்துக்கு. பொசிட்டிவ் எர்த்துக்கு 7910 வேணும்.

#5 கோவை_மீட்டர்

ஸ்டெபிலைசர், ரெகுலேட்டர் எல்லாம் அப்புறம் பார்க்கலாமுங்க. முதல்ல இந்த வண்டியில ஸ்டெபிலைசர் இருக்கான்னே யாரும் கேக்கலை.

"சுவிட்ச் போட்ட உடனே சட்டெண்டு பாயுது"ன்னு தம்பி எழுதியிருக்காரு. அந்த ஒரு வரியிலயே விஷயம் இருக்குது. ஸ்மித்ஸ் கேஜ் ரெண்டு ஜாதி. 60களின் நடுப்பகுதி வரைக்கும் வந்தது காயில் கேஜ். அதுக்கப்புறம் வந்தது சூட்டுல வேலை செய்யற கேஜ். சூட்டு கேஜ்ல முள் சோம்பேறி, சுவிட்ச் போட்டா அரை நிமிஷத்துக்கு மேல எடுத்து மெதுவா எந்திரிக்கும். காயில் கேஜ்ல முள் உடனே குதிக்கும், வளைவுல பெட்ரோல் அலம்பினா கூடவே அதுவும் ஆடும். 1959ன்னா காயில் கேஜ்தான். ஸ்டெபிலைசர் கிடையாது, தேவையும் இல்லை.

ஏன் தேவையில்லைன்னா, உள்ள ரெண்டு சுருள். ஒண்ணு முள்ளை ஈ (காலி) பக்கம் இழுக்கும், இன்னொண்ணு எஃப் பக்கம் இழுக்கும். கயிறு இழுக்கற போட்டின்னு வெச்சுக்குங்க. பேட்டரி வோல்டேஜ் குறைஞ்சா ரெண்டு பக்கமும் ஒண்ணா இளைக்கும், முள் நின்ன இடத்துலயே நிக்கும். டேங்க் யூனிட் (டேங்க்ல மிதவையோட இருந்து பெட்ரோல் அளவைச் சொல்ற பாகம்) என்ன பண்ணுதுன்னா, எஃப் சுருளுக்குப் போற கரண்டை இடையிலயே எர்த்துக்குத் திருப்பி விடுது. டேங்க் காலின்னா யூனிட்ல மின்தடை ஏறக்குறைய 0 ஓம், கரண்ட் எல்லாம் அந்த வழியா ஓடிடும், எஃப் சுருளுக்குப் பலம் இல்லை, முள் ஈ. டேங்க் நிறைஞ்சா 70 ஓம் பக்கம், எஃப் சுருள் ஜெயிக்கும்.

அதனால இந்த கேஜ்ல டேங்க் யூனிட்டுக்குப் போற வயர் எங்க அறுந்தாலும், யூனிட் பக்கம் எர்த் எங்க விட்டாலும் முள் எஃப்லதான் போய் நிக்கும். உங்களுக்கு நடந்தது அதுதான்னு நினைக்கறேன். ஒரு டெஸ்ட் பண்ணுங்க. டிக்கியில டேங்க் யூனிட்டுக்கு வர்ற வயரைக் கழட்டுங்க, பச்சையில கறுப்புக் கோடு போட்டிருக்கும். சுவிட்ச் போட்டா முள் எஃப்பைத் தாண்டணும். அப்புறம் அதே வயர் நுனியைப் பளபளன்னு சுரண்டின பாடி இரும்புல தொடுங்க, முள் ஈக்கு விழணும். தொட்டு எடுக்கறது சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு. பெட்ரோல் ஆவி இருக்கற இடத்துல பொறி வேண்டாம். பேட்டரியிலிருந்து நேரா யூனிட்டுக்கு மட்டும் கரண்ட் குடுத்துடாதீங்க, உள்ள இருக்கற மெல்லிசுக் கம்பி எரிஞ்சுடும்.

#6 சுன்னாகம்_மைனர்

ஐயா, செய்து பாத்தன். வயரைக் கழட்டினா எஃப்பைத் தாண்டிப் போகுது. பொடியில வைச்சா ஈக்கு விழுது! கலியாணத்துக்குப் போன நாளில இருந்து அந்த முள்ளு கீழ வந்ததை இண்டைக்குத்தான் கண்டனான். மகனைக் கூப்பிட்டு ரெண்டு தரம் காட்டினன்.

லண்டன் அண்ணை, பம்ப் விசயம் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன். "இது உனக்குத் தெரியாதோடா?" எண்டு பேச்சு.

#7 கோவை_மீட்டர்

அப்ப கேஜ் நல்லா இருக்குது, வயரும் நல்லா இருக்குது. மீட்டரை மாத்தச் சொன்னவங்க கிட்ட இனி போக வேண்டாம். மிச்சம் யூனிட், இல்லாட்டி டேங்க்கோட எர்த். டேங்க்கை எப்பவாவது கழட்டிப் பெயின்ட் அடிச்சாங்களா?

#8 சுன்னாகம்_மைனர்

அடிச்சதுதான் ஐயா. அது ஒரு கதை.

90களில சண்டைக் காலம், இஞ்ச பெற்றோல் வராது, தடை. அப்பா இந்தக் காரை மண்ணெண்ணெயில ஓட்டினவர். ஒரு சின்னப் போத்தலில கொஞ்சப் பெற்றோல், காபரேற்றருக்கு ரெண்டு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, இஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. பின்னால வெள்ளைப் புகை, ஊர் முழுக்க அந்த மணம். எனக்கு அப்ப எட்டு வயசு, அந்த மணம் வந்தா அப்பா வாறார் எண்டு தெரியும். பிறகு பாதை திறந்து பெற்றோல் வந்த காலத்தில டாங்கியைக் கழட்டிக் கழுவி, உள்ளுக்குக் கிடந்த பிசினெல்லாம் எடுத்து, வெளிப்பக்கம் தடிப்பாக் கறுப்புப் பெயின்ற் அடிச்சுப் பூட்டினது. அதுக்குப் பிறகு முள்ளு சரியாக் காட்டினதே இல்லையாம். அப்பா கொப்பி ஒண்டு வைச்சு மைல் கணக்கு எழுதினவர். 2022 இல பெற்றோல் தட்டுப்பாட்டில கியூஆர் காட்டி கிழமைக்கு 20 லீற்றர் வாங்கின காலத்திலயும் அந்தக் கொப்பிதான்.

#9 கோவை_மீட்டர்

கறுப்புப் பெயின்ட், தடிப்பா. டேங்க் பாடியில உக்கார்ற இடம், யூனிட் டேங்க்ல உக்கார்ற இடம், ரெண்டுலயும் பெயின்டும் பேக்கிங்கும் நடுவுல நின்னுக்குது. எர்த் வெறும் ஸ்க்ரூ மரை வழியாத்தான் போயாகணும். யூனிட்டோட ஒரு ஸ்க்ரூ தலைக்கு அடியில ஒரு வயரைக் குடுத்து, மறுமுனையைச் சுரண்டின பாடியில போல்ட் போடுங்க.

#10 சுன்னாகம்_மைனர்

வெற்றி!!! எர்த் வயர் போட்டன். டாங்கி அநேகமாக் காலியாக் கிடந்தது, நேர பெற்றோல் செட்டுக்குப் போய் அளந்து 20 லீற்றர் அடிச்சன். டாங்கி ஆறரைக் கலன், அதாவது 29 லீற்றர் சொச்சம். முள்ளு முக்காலுக்குக் கொஞ்சம் மேல நிக்குது. கணக்குச் சரிதானே! கோவை ஐயாவுக்குக் கோடி நன்றி.

#11 அம்பாசிடர்_மாமா

வாழ்த்துகள் தம்பி. ஆனாலும் கொப்பியைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

#12 சுன்னாகம்_மைனர்

மாமா, உங்களுக்குக் கருநாக்கு.

ஒரு கிழமை ஓடினன். முள்ளு இறங்கேல்லை. ஏறுது. முக்காலில இருந்து எஃப்புக்குக் கிட்டப் போயிட்டுது, டாங்கியில பத்து லீற்றரும் இருக்காது. விசராக்கிடக்கு எண்டு போய் மூடி வரைக்கும் நிரப்பினன். நிரப்பினா முள்ளு இறங்குது! முழு டாங்கிக்கு அரை காட்டுது. அதாவது அடிக்க அடிக்க இறங்குது, ஓட ஓட ஏறுது. எர்த் வயரைத் திரும்பப் பாத்தன், இறுக்கமாத்தான் கிடக்கு. மகன் சொல்லுறான், "அப்பா, கார் பெற்றோல் செய்யுது" எண்டு.

#13 ஹெரால்ட்_பெரம்பூர்

ஃப்ளோட்டுக்குள்ள பெட்ரோல் போயிருக்கும். பித்தளை மிதவையில சால்டர் விட்டுப்போச்சுன்னா முங்கிடும். கழட்டிக் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாருங்க. சூடான தண்ணியில அமுக்கினா ஓட்டை இருக்கற இடத்துல குமிழ் வரும்.

#14 லண்டன்_ட்ராவலர்

மிதவை அடியில தாண்டுபோனா முள்ளு ஒரே இடத்தில கிடக்கும், மேல ஏறாது. இது தலைகீழா வேலை செய்யுது. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, கோவை ஐயா வாயால வரட்டும்.

#15 கோவை_மீட்டர்

எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனா அளந்துட்டுப் பேசலாமுங்க. பெட்ரோலை வடிச்சு மூடி போட்ட கேன்ல எடுத்து வெளியில தூரமா வைங்க. பேட்டரியைக் கழட்டுங்க. யூனிட்டை எடுத்துட்டா அந்த ஓட்டையை ஈரத்துணியால மூடுங்க. காலி டேங்க்தான் நிறைஞ்ச டேங்க்கை விட ஆபத்து, உள்ள முழுக்க ஆவி. பீடி சிகரெட் பிடிக்கறவங்க யாரும் பக்கத்துல வரக்கூடாது.

யூனிட்டை மேசையில வெச்சு, ஃப்ளோட்டை மேல தூக்கி எத்தனை ஓம், கீழ விட்டு எத்தனை ஓம்னு சொல்லுங்க.

#16 சுன்னாகம்_மைனர்

(எங்கட ஊரில "ஓம்" எண்டா "ஆமா" ஐயா. "எத்தனை ஓம்" எண்டு வாசிச்சு அப்பா சிரிச்சுக்கொண்டிருக்கிறார்.)

மல்டிமீற்றரை 200 இல வைச்சன். மிதவை மேல: 31. மெல்ல மெல்ல இறக்க 50, 90, 150 எண்டு கூடிக்கொண்டு போய், பேந்து திரையில இடப்பக்கம் "1" மட்டும் வருது. கீழ விட்டாலும் "1" தான். உள்ளுக்குக் கம்பி அறுந்திட்டுதுபோல.

#17 கோவை_மீட்டர்

அறுகலை. அந்த "1", 200க்கு மேல போயிடுச்சுன்னு மீட்டர் கையை விரிக்கறது. 2000ல வெச்சுப் பாருங்க.

#18 சுன்னாகம்_மைனர்

2000 இல வைச்சன். கீழ: 236.

#19 கோவை_மீட்டர்

அவ்வளவுதானுங்க. கிடைச்சிடுச்சு.

இது உங்க வண்டி யூனிட்டே இல்லை. பின்னால வந்த சூட்டு கேஜுக்கான யூனிட். அந்த ஜாதி கேஜ்ல கரண்ட் எவ்வளவு ஓடுதோ அவ்வளவு சூடு, அவ்வளவு முள் ஏறும். அதனால அதுல டேங்க் நிறைஞ்சா குறைஞ்ச ஓம், காலியானா அதிக ஓம். உங்க காயில் கேஜுக்கு அப்படியே எதிர்ப்புறம். நிறைஞ்ச டேங்க்ல யூனிட் 31 ஓம் குடுக்குது, உங்க கேஜுக்கு 31ன்னா அரை டேங்க். பெட்ரோல் குறையக் குறைய ஓம் ஏறுது, 70ஐத் தாண்டின உடனே கேஜுக்கு அது "ஃபுல்". ஆனையிறவுல 236 ஓம், முள் எஃப்பைத் தாண்டி.

நீங்க 20 லிட்டர் போட்ட அன்னிக்கு முக்கால் காட்டுச்சு பாருங்க, அது தற்செயல். சரியான யூனிட்டோட கணக்கும் இந்த யூனிட்டோட கணக்கும் குறுக்கே வெட்டிக்கற இடத்துல நீங்க நின்னீங்க. 15 லிட்டர் போட்டிருந்தா அன்னிக்கே பிடிச்சிருப்போம். நானும் அந்த முக்காலைப் பார்த்து ஏமாந்தேன், ஒத்துக்கறேன்.

#20 சுன்னாகம்_மைனர்

அப்பாவிட்டக் கேட்டன். டாங்கி கழுவின நேரம் "பழசு சரியில்லை" எண்டு கொழும்பில இருந்து எடுப்பிச்சுப் பூட்டினவையாம். ஸ்க்ரூ ஓட்டையெல்லாம் சரியா வந்ததால ஒருத்தருக்கும் சந்தேகம் வரேல்லை. இப்ப எனக்கு என்ன வழி?

#21 லண்டன்_ட்ராவலர்

மூண்டு வழி. பழைய ஜாதி யூனிட் இஞ்ச மைனர் பாட்ஸ் கடையளில புதுசா வாங்கலாம், அடுத்தமுறை வரேக்க கொண்டு வருவன். இல்லாட்டி பின்னால வந்த மைனரின்ர ஸ்பீடோவையும் ஸ்டெபிலைசரையும் சேர்த்துப் போடலாம், ஆனா 59 காரின்ர முகமே மாறிப்போகும், நான் செய்யமாட்டன். மூண்டாவது, அந்தப் பழசை எங்க போட்டவை எண்டு அப்பாவிட்டக் கேளுங்கோ. யாழ்ப்பாணத்தில ஆர் எதை எறிஞ்சவை?

#22 சுன்னாகம்_மைனர்

அண்ணை, பின் கொட்டிலில பிஸ்கற் ரின்! அப்பா கட்டிலில இருந்துகொண்டே சொன்னவர், "மேல் தட்டில, பிறேக் ரப்பர் கிடக்கிற ரின்னுக்குள்ள, பேப்பரில சுத்தி" எண்டு. அப்படியே இருந்தது. சுத்தியிருந்த பேப்பர் தொட்டவுடன தூளாப் போச்சு.

அளந்தன். மிதவை கீழ: 2. மேல: 68. நடுவில ஒரு இடத்தில மட்டும் "1" வந்து வந்து போகுது. இந்தமுறை 2000 இலயும் "1" தான்.

#23 கோவை_மீட்டர்

2லிருந்து 68. உங்க வண்டி யூனிட் இதேதானுங்க, கண்ணுல ஒத்திக்கலாம்.

நடுவுல விடற இடம் தேய்மானம். சின்னப் பலகையில மெல்லிசுக் கம்பி சுத்தியிருக்கும், மேல ஒரு தகரக் கை உரசிட்டே போகும். வண்டி பெரும்பாலும் எந்த அளவு பெட்ரோல்ல ஓடுச்சோ அந்த இடத்துல கை உரசி உரசிக் கம்பி மேல பள்ளம் விழுந்துடும். கம்பி முழுசா அறுந்திருந்தா மேல 68 வராது, அதனால பயப்பட வேண்டாம். கன்டாக்ட் கிளீனர் அடிச்சு, தூரிகையால துடைங்க. உப்புத்தாள் போட்டுடாதீங்க, கம்பி தலைமயிர் மாதிரி. அப்புறம் நுனி இடுக்கியால தகரக் கையை ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டுல வளைங்க. பள்ளம் விழாத புது வரிசையில உரசும். அழுத்தம் கூட்டாதீங்க. ஃப்ளோட்டைச் சுடுதண்ணியில அமுக்கிப் பாத்துட்டுப் பூட்டுங்க.

#24 சுன்னாகம்_மைனர்

செய்து முடிச்சன். கையை வளைக்கேக்க எனக்குக் கை நடுங்கினது, மகன்தான் ரோச் பிடிச்சவன். இப்ப 2 இல இருந்து 68 வரைக்கும் எங்கயும் விடாமல் போகுது. மிதவை குமிழ் விடேல்லை. புதுக் கோர்க் பேக்கிங், எர்த் வயர் அப்படியே.

பூட்டினாப் பிறகு கானால ஐஞ்சு ஐஞ்சு லீற்றரா விட்டு முள்ளைப் பாத்து அப்பாவின்ர கொப்பியில எழுதினன். 5 இல ஈயை விட்டுக் கொஞ்சம் எழும்பினது. 10 இல காலுக்கு மேல. 15 இல அரை. 20 இல முக்காலுக்கு ஒரு மயிரிழை கீழ. 25 இல எஃப்புக்குக் கிட்ட. அதுக்கு மேல அசையேல்லை.

ஈயில சரியா நிக்கேக்க எவ்வளவு மிச்சம் எண்டு அறிய ஒருக்கா ஓடி முடிச்சு வடிச்சும் பாத்தன், மூண்டு லீற்றர் வந்தது. மிதவைக் கம்பியைக் கொஞ்சம் வளைச்சா அதையும் சரியாக்கலாம்தானே ஐயா?

#25 கோவை_மீட்டர்

வளைக்காதீங்க. அந்த மூணு லிட்டர் அங்கயே இருக்கட்டும்.

#26 ஹெரால்ட்_பெரம்பூர்

நேத்து என் ஹெரால்டுல டேங்க் யூனிட்டைக் கழட்டி அளந்தேன். 2000ல வெச்சுத்தான்.

#27 அம்பாசிடர்_மாமா

கோவை சார், அம்பாசிடர்ல முள் ஆடறதுக்கு எத்தனை ஓம்?